பாட்டின் கடைசியில் ஒரு எலி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் இவரும் நலம். இவருக்கு ஒரு காது முழுதாக அடைத்துவிட்டது. அது என் பக்கம் இருக்கும் காது என்பதால் வீட்டில் சண்டை குறைந்திருக்கிறது. நீ, அண்ணி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தையல் மிஷின் கடை, கடை வாசலில் படுத்துக்கொண்டு வருகிறவர்களை முறைக்குமே அந்த நாய், எல்லோரும் சுகம்தானே?

ஒரு கெட்ட சேதியும் ஒரு நல்ல சேதியும். அப்பாவின் பாட்டுப் பெட்டி நின்றுபோய்விட்டது. சாவி கொடுத்தால் உள்ளே சுருள்வில் பிடிக்காமல் வழுக்குகிறது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தேடி அலைந்து ஒரு கடிகாரக்காரரைக் கண்டுபிடித்தேன். அவர் கடை முழுக்க இதே மாதிரிப் பழைய போனோகிராப் பெட்டிகள், பித்தளைக் குழல்கள், பாட்டுப் பதிந்த மெழுகு உருளைகள். கடிகாரம் பிழைப்புக்கு, இது பைத்தியத்துக்கு என்று அவரே சொல்கிறார். ஒரே குறை, 'நாளைக்கு' என்று அவர் சொன்னால் அது எந்த மாதத்து நாளை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நல்ல சேதி இது. ஜூன் மாதம் நூலகத்து மாடியில் பழைய பாட்டுப் பெட்டிகளின் கண்காட்சி வைக்கிறார்கள். நம் உருளையில் இருப்பது அம்மாவின் குரல், அம்மா போன பிறகு எனக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான் என்று சொன்னேன். கடிகாரக்காரர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டுதான் உருளையைத் தொட்டார். எல்லோர் முன்னாலும் அதை ஓட்டிக் காட்ட வேண்டுமாம். அட்டைகூட எழுதியாயிற்று: 'அம்மாவின் குரல். வீட்டில் பதிந்தது.'

மாப்பிள்ளை புது ரெக்கார்டு பிளேயர் ஒன்று வாங்கித் தந்திருக்கிறார். அதில் பாடுகிறவர்கள் மூச்சே விடுவதில்லை. நம் பெட்டியில் முதலில் சோவென்று மழை பெய்யும், அந்த மழைக்குள்ளிருந்து அம்மா வருவாள். சின்னப் பெண் மாதிரி அத்தனை மெல்லிய குரல். பாட்டு முடிந்து உருளை தீரும் இடத்தில் அந்த எலி, நினைவிருக்கிறதா? 'கீச் கீச்' என்று ஒரு சத்தம் வருமே, நான் பெட்டிக்கு அடியில் குனிந்து எலியைத் தேடுவேனே. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் குரலையெல்லாம் காதில் வாங்கியவள் நான். ஒருமுறை கேட்ட குரலை மறந்ததில்லை. ஆனால் அம்மா குரல் போல ஒன்று எந்த லைனிலும் வந்ததில்லை.

அப்பா போனதும் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேனே, அன்று, அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டாரே, உன் சித்தி வாசல் வரை வந்து, "சூட்டுல வைக்காதே" என்றார். போய்விட்டு வா என்று ஒரு வார்த்தை இல்லை. என் அம்மாவை நான் எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கே பாடம். போகட்டும், விடு.

பதில் எழுது.

உன் தங்கை


பிப்ரவரி 8

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன். எல்லோரும் சௌக்கியம். நாய் முறைப்பதை நிறுத்திவிட்டது, இப்போது என்னைப் போல வெறுமனே பார்க்கிறது. நீ கேட்காவிட்டாலும் வழக்கம்போல நானே எழுதிவிடுகிறேன்: சித்திக்கு முழங்கால் வலி, மற்றபடி பரவாயில்லை.

பெட்டியை ஏன் வெளியாள் கையில் கொடுத்தாய்? என்னைக் கேட்டிருந்தால் நானே வந்து பார்த்திருப்பேன். சரி, சுருள்வில்லை மட்டும் மாற்றச் சொல். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதன் தலையில் சிவப்பு அரக்கு வைத்திருக்கும். அதைத் தொட வேண்டாம் என்று சொல். வேறு எதில் கை வைத்தாலும் அதில் வைக்கக்கூடாது.

கண்காட்சியும் எதற்கு? ஓட்ட ஓட்ட மெழுகு தேயும். ஊரார் கேட்டு என்ன ஆகப்போகிறது?

உன் வீட்டுக்காரருக்குக் காதில் எண்ணெய் எதுவும் விட வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
அண்ணன்

மறுபடியும் சொல்கிறேன், அந்த அரக்கு வைத்த திருகு.


மார்ச் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீங்கள் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வருவதற்குள் கடிகாரக்காரர் அந்த அரக்கைச் சுரண்டி எடுத்துவிட்டார். ஜென்மத்தில் ஒரு வேலையை அவர் சுறுசுறுப்பாகச் செய்தார் என்றால் அது இதுதான். நேற்று பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்தார். "இது வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகும்மா. யாரோ வேணும்னே கூட்டி வெச்சு அரக்கு அடைச்சிருக்காங்க. இத்தனை வருஷமும் பாட்டு தலைதெறிக்க ஓடியிருக்கு. நான் மிஷினுக்கு உரிய வேகத்துல வெச்சிருக்கேன். இனிமேத்தான் உங்க அம்மாவோட அசல் குரலைக் கேக்கப் போறீங்க" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அம்மாவின் அசல் குரல். நாற்காலியை இழுத்துப் போட்டுக் குழலுக்கு நேராக உட்கார்ந்தேன்.

மழை வந்தது. பிறகு ஒரு செருமல் வந்தது. இதற்கு முன் அந்த இடத்தில் 'டிக்' என்று ஏதோ விழும், அவ்வளவுதான். இப்போது அது ஒரு செருமல். எனக்குத் தெரிந்த செருமல். ஒரு வாக்கியம் பேசுவதற்கு முன்னால், சமையலறையிலிருந்து, கூடத்திலிருந்து, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சின்ன வயதெல்லாம் நான் கேட்டு முகம் சுளித்த செருமல்.

பிறகு பாட்டு. அம்மாவின் பாட்டேதான், அதே வார்த்தைகள். ஆனால் குரல் கனமாக, அடித்தொண்டையில், இழுத்து இழுத்து. அந்த நேரம் பார்த்து இவர் பின்கட்டிலிருந்து துண்டால் கை துடைத்துக்கொண்டே வந்தார். பாதிக் காது கேட்காத மனுஷர். வாசலைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உங்க சித்தி எப்ப வந்தாங்க?"

நான் பாய்ந்து ஊசியைத் தூக்கிவிட்டேன். பாட்டு பாதியில் நின்றது. கடிகாரக்காரர் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அண்ணா, நேற்றிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். இது எப்படி நடந்தது? அம்மா எங்கே?

தங்கை


ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் கூரை ஒழுகி, தையல் மிஷின்களை எல்லாம் இடம் மாற்ற வேண்டியதாயிற்று. பெரிய பேரனுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறோம். அதைப் போட்டதிலிருந்து தான் கலெக்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அண்ணி உன்னை மிகவும் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

நீ எழுதிய விஷயம். பழைய மெழுகு, பழைய மிஷின். வேகம் மாறினால் யார் குரலும் யார் குரல் போலவும் கேட்கும். திருகைப் பழையபடி கூட்டி வைத்துவிடச் சொல். அதன் பிறகு அம்மா குரல் அம்மா குரலாகவே இருக்கும். நீயும் நிம்மதியாக இருப்பாய்.

சித்திக்கு முழங்காலோடு இப்போது இருமலும்.

அண்ணன்


ஏப்ரல் 25

அண்ணனுக்கு,

உனக்கு நலம் விசாரித்து எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். கூரையைப் பற்றி எழுதினாய், கண்ணாடியைப் பற்றி எழுதினாய். 'அது சித்தி இல்லை' என்று மட்டும் நீ எழுதவில்லை. ஒரு வாரத்துக்குள் பதில் போடுகிற ஆள் நீ. ஒரு மாதத்துக்கு மேல் யோசித்தும் அந்த ஒரு பொய் உனக்கு எழுத வரவில்லை.

கடிகாரக்காரரிடம் விளக்கமாகக் கேட்டேன். நான் கேட்டேன் என்பதால் சொன்னார், பாவம், சொல்ல அவருக்கு மனசே இல்லை. இந்த மெழுகு உருளையில் வேண்டும்போது வீட்டிலேயே பதிந்துகொள்ளலாம். வேண்டாம் என்றால் ஒரு பட்டைக் கத்தியால் மேல்தோலைச் சீவி எடுத்துவிட்டு அதன் மேலேயே புதிதாகப் பதியலாம். சீவினால் பழைய குரல் தூளாகி உதிர்ந்துவிடும். ஊதினால் போய்விடுமாம். இன்னொன்றும் சொன்னார்: "இது தற்செயலா நடந்ததில்லைம்மா. வேகமா ஓட்டும்போது சரியா இருக்கணும்னே பாடினவங்க இழுத்து இழுத்துப் பாடியிருக்காங்க."

ஆக, எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா கடையில் உருளைகள் விற்றவர், சீவுகிற கத்தி நம் வீட்டிலேயே இருந்தது. வீட்டுக்குப் புதிதாக வந்தவருக்கு, செத்துப்போனவளின் குரல் கூடத்தில் பாடுவது பொறுக்கவில்லை. சீவி எறிந்துவிட்டுத் தன் குரலை ஏற்றிவிட்டார். எனக்குத் தெரியாமல் இருக்கத் திருகைக் கூட்டி அரக்கு வைத்தார். பெட்டியைப் பூட்டி வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டினார்களே, உருளையை என் கையில் கொடுக்கவே மாட்டார்களே, பாட்டு ஆரம்பித்ததும் அவர் எழுந்து வெளியே போய்விடுவாரே, எல்லாம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. குற்றம் செய்தவருக்கு அங்கே உட்காரத் தைரியம் வரவில்லை.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஜுரத்தில் கேட்டேன். கல்யாணத்தன்று கேட்டேன். என் பெண்ணைத் தொட்டிலில் போட்டு அதைத்தான் கேட்க வைத்தேன். என் வாயிலிருந்து 'அம்மா' என்று ஒரு தடவை வராதா என்று ஏங்கியவர், என்னை ஏமாற்றி ஆயிரம் தடவை சொல்ல வைத்துவிட்டார்.

ஆமா அல்லது இல்லை என்று எழுது. வேறு எதுவும் எழுதாதே.

தங்கை


மே 2

அன்புள்ள தங்கைக்கு,

இல்லை. சித்தி அப்படிச் செய்யவில்லை. இதற்கு மேல் சொல்ல என்னால் முடியாது. சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்தபோது நான் கடையில் இருந்தேன். உன் கடிதம் வந்தால் அண்ணி எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பாள் என்று உனக்குத் தெரியும். போன கடிதம் என் கையில் கிடைத்ததால் மறைத்துவிட்டேன். இதை அவளே பிரித்துப் படித்துவிட்டாள். பாதியில் நிறுத்தப் பார்த்தாளாம், சித்தி "படி, படி" என்றாளாம். முழுதும் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். நான் வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால், பசிக்கவில்லை என்றாள்.

நான் உன் மேல் கோபமாக இல்லை. ஆனால் அதிர்ந்துபோயிருக்கிறேன்.

அண்ணன்


மே 6

அன்புள்ள நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேண்டும். அத்தைக்குக் கை நடுங்குவதால் என்னை எழுதச் சொன்னார். உங்கள் அண்ணனுக்கு இது தெரியாது. அத்தை சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். இனி அத்தை பேசுவது.

கொசுவுக்கு. அந்தப் பேரு உனக்குப் பிடிக்காது, கல்யாணத்தன்னிக்கே கூப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டே. எழுதினதை அடிக்க வேணாம், இருக்கட்டும்.

நீ எழுதினது எல்லாம் சரி. நான்தான் சீவினேன். புதுசா வந்த வீடு, சின்ன வயசு, பொறாமை. எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்க அம்மா பேச்சு. அதான் அப்படிப் பண்ணிட்டேன். உங்க அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இதுல சம்பந்தம் இல்ல. அவனை நோண்டி நோண்டிக் கேக்காதே, ராத்திரி எல்லாம் நடந்துக்கிட்டே இருக்கான். கோபத்தை எம்மேல வெச்சுக்கோ, எனக்கு அது பழகிப்போச்சு.

நீ என்னை 'நீங்க, வாங்க'ன்னு கூப்பிடும்போதெல்லாம் ஏதோ ஆபீஸ் ஜன்னல்ல நிக்கற மாதிரி இருக்கும். அதையும் நான் தப்பா எடுத்துக்கல. நீ உடம்பைப் பாத்துக்கோ. அந்த உருளையை எடுத்துத் தூர வெச்சிடு. சூட்டுல மட்டும் வைக்காதே.

இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

அண்ணி


மே 12

அண்ணனுக்கு,

உன் சித்தி ஒப்புக்கொண்டுவிட்டார். கடிதம் என் மேஜை மேல் இருக்கிறது. நீ 'இல்லை' என்று எழுதிய கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எனக்காக இதுவரை ஒரு பொய் சொல்லாதவன், அவருக்காகச் சொல்லியிருக்கிறாய். அது எனக்கு இன்னொரு அடி.

எப்படி அவ்வளவு சாதாரணமாக எழுத முடிந்தது? 'அதான் அப்படிப் பண்ணிட்டேன்.' பால் பொங்கிவிட்டது என்பது போல. படித்துவிட்டு என்னால் எழுந்து விளக்குப் போடக்கூட முடியவில்லை. இவர்தான் வந்து போட்டார்.

நூலகத்தில் போய், என்னால் வர முடியாது என்று சொல்லிவிட்டேன். அங்கே சிரித்துக்கொண்டு நின்று, இது என் அம்மாவின் குரல் என்று நான் எப்படிச் சொல்வது? உருளையைக் கடிகாரக்காரரிடம் கொடுத்து, அதைச் சீவிவிடச் சொல்லியிருக்கிறேன். அவர் தயங்கினார். "ஒரு மனுஷக் குரல்மா, யாரோடதா இருந்தா என்ன" என்றார். அவருக்கு என்ன, எல்லாக் குரலும் ஒன்றுதான். நான் விடவில்லை. என் அம்மாவுக்கு நடந்தது உன் சித்தி குரலுக்கும் நடக்கட்டும். வெள்ளிக்கிழமை சீவிவிடுவதாகச் சொன்னார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். கொஞ்ச நாள் கடிதம் எதிர்பார்க்காதே.

தங்கை


மே 16

அன்புள்ள தங்கைக்கு,

சீவ விடாதே என்று தந்தி கொடுத்துவிட்டேன். காரணம் தந்தியில் அடங்காது. அண்ணி சித்தியின் பேச்சைக் கேட்டு உனக்கு எழுதியதே நேற்று உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். சித்தி எழுதச் சொன்னது முழுப் பொய். அவளுக்குக் கொடுத்த சத்தியத்தை இன்று உடைக்கிறேன். அவள் பக்கத்து அறையில்தான் இருமிக்கொண்டிருக்கிறாள்.

உட்கார்ந்துகொண்டு படி. உன் வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

அம்மா கடைசியில் ஜுரத்தில் கிடந்தபோது 'குளிருது, குளிருது' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை போர்வை போட்டாலும் அதே வார்த்தை. நீ கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நிற்பாய், அப்போது உனக்கு நாலு வயது நிறையவில்லை. அவள் போன பிறகு நீ தேடித் தேடி அழுததால், அம்மா பாட்டுப் பெட்டிக்குள் இருக்கிறாள் என்று அப்பாதான் சொல்லி வைத்தார். அந்த உருளை அப்போது அம்மாவின் குரல்தான். அவளே பாடிப் பதிந்தது.

சித்தி நம் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒருநாள் மதியம் நீ நாற்காலி மேல் ஏறி உருளையை எடுத்திருக்கிறாய். உன் கம்பளிச் சட்டையில் சுற்றி, எரிகிற அடுப்பை ஒட்டி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். சித்தியும் நானும் உள்ளே வந்தபோது, "சத்தம் போடாதீங்க, அம்மாவுக்குக் குளிருதில்ல" என்றாய். சட்டையைப் பிரித்தால் உருளை ஒரு பக்கம் உருகிச் சப்பிப்போயிருந்தது. குரல் பதிந்த வரிகள் இருந்த இடம் கண்ணாடி மாதிரி மழமழவென்று இருந்தது. அதில் ஒன்றுமே இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் அவள் அம்மாதானே.

அப்பா வந்து பார்த்துவிட்டு ஆடிப்போனார். கூப்பிடு அவளை, என்ன பண்ணினாள் என்று அவளே பார்க்கட்டும் என்று கத்தினார். அவரிடம் நிமிர்ந்து பேசாத சித்தி அன்று குறுக்கே நின்றாள். "நாலு வயசுப் பிள்ளைகிட்ட, உங்க அம்மாவை நீதான் அழிச்சேன்னு சொல்லப் போறீங்களா? அப்புறம் அது எந்த வயசுல தூங்கும்?" என்று கேட்டாள்.

நீ சாயங்காலம் அம்மா பாட்டைப் போடச் சொல்லி அழுவாய். பெட்டி ரிப்பேர் என்று சொல்லி வைத்தோம். அம்மாவின் பாட்டு எனக்கு மனப்பாடம். நான்தான் சித்திக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்குக் கட்டைக் குரல். இழுத்துப் பாடிப் பதிந்து வேகமாக ஓட்டினால் குரல் மெலியும் என்று அப்பா சொன்னார். நீ மதியம் தூங்கும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு, குழலுக்குள் முகத்தை வைத்துப் பாடுவாள். பல உருளைகள் வீணாயின. கடைசியில் ஒன்று அமைந்தது. திருகைக் கூட்டி அரக்கு வைத்தது என் கைதான். அன்று நீ கைதட்டிக்கொண்டு, "அம்மாவுக்குக் குளிர் விட்டுடுச்சு" என்றாய்.

கல்யாணத்துக்கு முன் சித்தி வாய் ஓயாமல் பாடுவாளாம், அவள் வீட்டு மனிதர்கள் சொல்லுவார்கள். நம் வீட்டில் அவள் பாடி நீ கேட்டிருக்கிறாயா? பாத்திரம் கழுவும்போதுகூட ஒரு முணுமுணுப்பு வராது. நீ குரலைக் கண்டுபிடித்துவிடுவாயோ என்ற பயம். பாட்டு ஓடும்போது எழுந்து வெளியே போனதும் அதனால்தான். அங்கே இருந்தால் தன்னை அறியாமல் கூடப் பாடிவிடுவோம் என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். நீ போன பிறகும் அவள் பாடவில்லை. பழக்கம் விட்டுப்போச்சு என்கிறாள்.

'சூட்டுல வைக்காதே' என்பதற்கு அர்த்தம் இதுதான்.

இதைப் படித்துவிட்டு நீ என்ன ஆவாயோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் உன் கையாலேயே இரண்டாவது குரலும் போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அண்ணன்


மே 21

சித்திக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? இருமல் ராத்திரியில் வருகிறதா, பகலிலுமா? சாப்பாடு இறங்குகிறதா? அண்ணன் ஒவ்வொரு கடிதத்திலும் உன்னைப் பற்றி எழுதுவான், நான் கண்ணை அந்த வரிக்கு மேலே தாண்டவிட்டுப் படிப்பேன். அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது.

அண்ணன் எல்லாம் எழுதிவிட்டான். அவனைத் திட்டாதே.

தந்தி வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கிழித்துப் போட்டேன். கடிதம் வந்த அன்று வாசலிலேயே நின்று படித்தேன். அடுப்பு என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. அதற்கு மேல் இவர்தான் படித்துச் சொன்னார், தெருவுக்கே கேட்கும்படி, அவர் காது அப்படி. கம்பளிச் சட்டை எனக்கு ஞாபகம் இருக்கிறது சித்தி. நீலக் கலர். அது ஏன் திடீரென்று காணாமல் போனது என்று சின்ன வயதில் உன்னிடம் சண்டை போட்டிருக்கிறேன். அடுப்பு மட்டும் ஞாபகம் இல்லை. என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் குரல் எனக்கு இனிமேல் கிடையாது. அதற்கு நான் இன்னும் அழுது முடிக்கவில்லை, ரொம்ப நாள் ஆகும் போலிருக்கிறது.

அதற்குள் இவர், "வெள்ளிக்கிழமை தாண்டிப் போச்சே" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். கடிகாரக்காரர் ஒற்றைக் கண்ணில் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். "சீவிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "கோச்சுக்காதீங்கம்மா. நாளைக்கு முடிச்சுடலாம்னு இருக்கேன்" என்றார். அங்கேயே அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பாவம் மனுஷர், வேலை தாமதமானதற்கு இப்படி அழுகிற ஆளை அவர் பார்த்ததில்லை. டீ வாங்க ஓடிவிட்டார்.

அவர் திரும்பி வந்ததும் உரிய வேகத்திலேயே ஓட்டச் சொன்னேன். இந்தத் தடவை நான் ஊசியைத் தூக்கவில்லை. உன் செருமல் வந்தது. உன் பாட்டு வந்தது. எத்தனை மெதுவாக, மூச்சு முட்ட முட்ட இழுத்திருக்கிறாய். ஒரு இடத்தில் வார்த்தை மறந்து, பக்கத்தில் யாரோ எடுத்துக் கொடுத்து, பிடித்துக்கொண்டு போகிறாய். ஒரு காலத்தில் எனக்கு ஜுரம் வந்தால் அந்த இடத்தில்தான் தூங்குவேன். கடிகாரக்காரர் கேட்டார், கண்காட்சி அட்டையில் எழுதியிருப்பதை மாற்றட்டுமா என்று. ஜூனில் வந்துவிடுகிறேன், 'அம்மாவின் குரல்' என்று இருப்பது அப்படியே இருக்கட்டும் என்றேன்.

பாட்டு முடிந்தது. எலி வர வேண்டிய இடம். சித்தி, அது எலி இல்லை. நீ குழலிலிருந்து முகத்தை எடுத்துவிட்டு, பாட்டு முடிந்த அவசரத்தில், அண்ணனிடம் ரகசியமாகக் கேட்கிறாய்:

"கொசு முழிச்சிடுச்சா, பாருடா."

அவன் எட்டிப் பார்த்துவிட்டு என்ன சொன்னான் என்பது உருளையில் இல்லை. அங்கே மெழுகு தீர்ந்துபோகிறது. கடிகாரக்காரர் ஊசியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

நீ கேட்டதற்கு நானே நேரில் வந்து பதில் சொல்கிறேன். சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். பெட்டியையும் கொண்டு வருகிறேன், சூட்டில் வைக்காமல், மடியில் வைத்துக்கொண்டு. அதை ஓட்டும்போது நீ எழுந்து வெளியே போகக் கூடாது.

கொசு